மழையில்லாமல் ஒழுகிய கூரை

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

எங்கள் ஊருக்கு உல்லாசப் பயணமாக வருகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் வந்து, ஏரியில் படகு விட்டு, மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, “ஆகா, என்ன குளுமை!” என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு உதகமண்டலத்தில் குழாயைத் திறந்து முகம் கழுவியவர்களுக்குத்தான் குளிர் என்றால் என்னவென்று தெரியும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம் அல்லவா? மேகமில்லாத இரவுகளில் பள்ளமான இடங்களில் வெப்பநிலை 0 டிகிரிக்கும் கீழே போய்விடும். விடிந்து பார்த்தால் புல்வெளி முழுவதும் உப்பைக் கொட்டியது போல் உறைபனி வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் ஒரு கார் ஷெட்டில் உட்கார்ந்து பாடம் படித்தவர்களின் கதை இது. நாங்கள் செய்த ஒரு பிழையும் இதில் அடங்கியிருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

பள்ளியின் பின்புறம் காய்கறித் தோட்டத்திற்குப் போகும் வழியில் அந்தக் கார் ஷெட் இருக்கிறது. 24 அடி நீளம், 14 அடி அகலம். நான்கு பக்கமும் செங்கல் சுவர். மேலே மரச் சட்டங்களின் மீது அலைத்தகரம். பழைய வேன் போன பிறகு வந்த வேன் அதற்குள் நுழையவில்லை. ஆகவே உடைந்த பெஞ்சுகளும், கிறிஸ்துமஸ் குடிலின் சாமான்களும் வைக்கும் இடமாக அது மாறிவிட்டது. 2024 ஜூன் மாதம் சிஸ்டர் அதைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, இரண்டு விளக்குகள் போட்டு, மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் 24 பேர் வருகிறார்கள். அவர்களுடைய அம்மாமார் வீடு திரும்பவே இருட்டிவிடும். விடுதி மாணவியரான நாங்கள் ஆறு பேர், மாலை ஐந்து மணி முதல் ஏழரை வரை அவர்களுக்கு வாய்ப்பாடும் எழுத்தும் சொல்லிக் கொடுப்போம்.

மழைக்காலத்தில் கூரை எட்டு இடங்களில் ஒழுகிற்று. எங்கள் வாட்ச்மேன் தாத்தாதான் ஏணி போட்டு ஏறி, கோணித்துண்டைத் தாரில் முக்கி ஒவ்வொரு ஓட்டையிலும் ஒட்டினார். அதன் பிறகு ஐப்பசி அடைமழையில்கூட ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. “ஒழுகுதா கண்ணு?” என்று அவர் தினமும் கேட்பார். “இல்லை தாத்தா” என்று நாங்கள் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

குளிர்காலம் வந்தது. தகரக் கூரையின் கீழ் இருப்பது வெட்டவெளியில் இருப்பது போலத்தான். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கை விறைத்துப் பென்சில் பிடிக்க முடியவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி அண்ணனுடைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு ‘அணில்’ என்று எழுதினாள். கரியடுப்பு மூட்டி நடுவில் வைக்கலாமா என்று சிஸ்டரிடம் கேட்டோம். “அந்தப் பேச்சே வேண்டாம்!” என்றார்கள். கதவடைத்த அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கினவர்கள் மறுநாள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை மலையில் வாழும் நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். கரி எரிகையில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மின்சார ஹீட்டர் வைக்கலாமென்றால், ஷெட்டுக்குப் போகும் பழைய ஒயர் இரண்டு விளக்குகளைத் தாங்குவதே பெரிது.

அப்போதுதான் எங்களுக்கு அந்த ‘அருமையான’ யோசனை தோன்றியது. தகரம் சுவரின் மேல் உட்காரும் இடத்தில், அலை அலையாக இருப்பதால், வரிசையாகச் சந்துகள் இருந்தன. அவற்றின் வழியேதான் காற்று சில்லென்று வருகிறது என்று கண்டுபிடித்தோம். 2025 ஜனவரி முதல் வாரத்தில் பழைய செய்தித்தாளையும் சாக்கையும் சுருட்டி எல்லாச் சந்துகளையும் இறுக அடைத்தோம். ஜன்னலுக்கு மேலிருந்த காற்றுப் பலகையையும் சாத்தி ஆணி அடித்தோம். அன்று மாலை கொஞ்சம் கதகதப்பாகத்தான் இருந்தது. எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் ஒரு பையனுடைய நோட்டில் ‘டப்’ என்று ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. அடுத்த வாரம் பாதி ஷெட்டில் உட்கார முடியவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் தரையில் ஈரம். அலமாரியின் மேல்தட்டில் இருந்த புத்தகங்கள் ஊறிப் பூசணம் பூத்திருந்தன. வெளியே மழையா என்றால், பத்து நாளாக வானத்தில் ஒரு மேகத்துண்டுகூட இல்லை. “அக்கா, மழை உள்ளே மட்டும் பெய்யுது!” என்றாள் அந்தக் காலுறைச் சிறுமி. எல்லாரும் சிரித்தோம். பாவிகள், அவள் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கக் கூடாதா!

நாங்கள் நேரே சிஸ்டரிடம் போனோம். “தாத்தா போட்ட தார் பிளந்துவிட்டது, சிஸ்டர். சரியாகப் போடவில்லை போலிருக்கிறது” என்றோம். தாத்தா வாசல் பக்கம் நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. “அப்படியா கண்ணு? காலையில ஏறிப் பாத்துடறேன்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வெயில் வருமுன்பே ஏறிவிட்டார். தகரம் முழுவதும் உறைபனி. அந்த வழுக்கலில் கால் சறுக்கி முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தார். சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப் போனபோது தார் டப்பாவைக் கையில் பிடித்தபடியே கிடந்தார். கணுக்கால் எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். மண் பாத்தியில் விழுந்ததால் அத்தோடு போயிற்று என்று டாக்டர் சொன்னாராம். கல் பாவிய பக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

அன்று மாலை நாங்கள் ஆறு பேரும் அவர் வீட்டுக்குப் போனோம். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பாட்டி டீ போட்டுக் கொடுத்தார்கள். அதைக் குடிக்கவும் கூச்சமாக இருந்தது. தாத்தாவே பேச்சை ஆரம்பித்தார். “தகரத்துல வெடிப்பு எங்கேயும் இல்ல கண்ணு. எல்லா இடமும் பாத்துட்டுத்தான் விழுந்தேன்” என்றார்.

அந்த ஒரு வார்த்தை எங்களை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. வெடிப்பு இல்லையென்றால் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மறுநாள் இயற்பியல் டீச்சரிடம் கேட்டோம். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் போட்டு மேசையில் வைத்தார்கள். சிறிது நேரத்தில் அதன் வெளிப்புறம் வியர்த்தது. “டம்ளர் ஒழுகுகிறதா?” என்றார்கள். எங்களுக்குச் சுருக்கென்றது. பிறகு எங்களையே கணக்குப் போடச் சொன்னார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீர் ஆவியாக வெளியே போகிறது. ஷெட்டில் 30 பேர். இரண்டரை மணி நேரம். பெருக்கினால் 3,000 கிராம். அதாவது 3 லிட்டர்! பிள்ளைகள் சிறியவர்கள் என்று கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் ஒரு குடத்தின் அடிப்பாகம் நிரம்பிவிடும். ஒவ்வொரு மாலையும் அவ்வளவு தண்ணீரை நாங்களே உள்ளே கொண்டு வந்திருக்கிறோம்!

அது ஏன் காற்றிலேயே தங்கவில்லை என்றால், குளிர்ந்த காற்றால் அதிக ஆவியைத் தாங்க முடியாது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவி கொள்ளும்; 10 டிகிரியில் 9 கிராம்; 0 டிகிரியில் 5 கிராம்தான். எங்கள் ஷெட்டின் கொள்ளளவு சுமார் 95 கன மீட்டர். 10 டிகிரியில் ஒரு கிலோ ஆவிகூட அதில் அடங்காது. மிச்சம் எங்கே போகும்? முன்பெல்லாம் சந்துகள் வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது. நாங்கள்தான் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்துவிட்டோமே! அது நேரே மேலே போய்த் தகரத்தில் படிந்து, சொட்டிற்று.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. தெளிவான இரவில் கூரைத் தகரம் சுற்றியிருக்கும் காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துவிடும். தன் வெப்பத்தைத் திறந்த வானத்துக்குக் கதிர்வீச்சாகக் கொடுத்துவிடுவதே காரணம். இலண்டனில் வாழ்ந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் 1814-இல் பனித்துளியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் இரவில் தோட்டத்தில் கம்பளிப் பஞ்சை நிறுத்து வைத்துவிட்டு, பிறகு மறுபடி நிறுத்து, எவ்வளவு பனி படிந்தது என்று கண்டாராம். ஒரு பலகையைத் தூக்கி நிறுத்தி, அதன் மேலே கொஞ்சம் பஞ்சும் கீழே கொஞ்சம் பஞ்சும் வைத்தார். வானத்தைப் பார்த்த பஞ்சில்தான் அதிகப் பனி! இருநூறு ஆண்டுக்கு முன் ஒருவர் பஞ்சை நிறுத்துக் கண்டுபிடித்ததை, நாங்கள் ஒரு கிழவரைக் கூரையேற்றிக் கண்டுபிடித்தோம்.

அன்றே சந்துகளில் இருந்த அடைப்பையெல்லாம் பிடுங்கிவிட்டோம். சொட்டுவது வெகுவாகக் குறைந்தது. குளிர் பழையபடி வந்தது.

இனி என்ன செய்வது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னோம். டீச்சர் எங்களைத் தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் தோடர் மந்துக்கு ஒரு சனிக்கிழமை அழைத்துப் போனார்கள். தோடர்களின் பழைய குடிசை பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். கனமாக வேய்ந்த புல் கூரை. குனிந்து தவழ்ந்து போகும்படியான வாசல். புல்லின் இடையில் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் அங்கே கம்பளி. ஊரில் ஆங்கிலேயர் கட்டிய பழைய பங்களாக்களிலும் ஓட்டுக்குக் கீழே மரப்பலகையால் இன்னொரு கூரை இருக்கிறது. அழகுக்காகச் செய்தது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தோம். எங்கள் ஷெட்டில் மட்டும் வானத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தகடு, அவ்வளவே. இரும்பு மரத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

ஆகவே தகரத்துக்கும் எங்களுக்கும் இடையில் அசையாத காற்றை நிறுத்தி வைக்க வேண்டும். எதைக் கொண்டு? குடிலுக்கு வாங்கி மிச்சமிருந்த வைக்கோலைப் பரப்பலாம் என்றோம். எலி வரும், தீப்பிடிக்கும் என்று சிஸ்டர் மறுத்துவிட்டார்கள். தெர்மோகோல் மலிவு, ஆனால் தீப்பட்டால் உருகிச் சொட்டிக்கொண்டே கரும்புகையுடன் எரியும். பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு அது ஆகாது என்று டீச்சர் சொன்னார்கள். கடைசியில் எங்களுள் ஒருத்தியின் தந்தை உதவினார். அவர் கோயம்புத்தூரில் ஏ.சி. குழாய்களுக்கு உறை போடும் வேலை செய்கிறவர். வேலையில் மிஞ்சிய கண்ணாடிப் பஞ்சுச் சுருள்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி வேனில் கொண்டு வந்தார். இரண்டு அங்குலக் கனம். ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டியது. கண்ணாடிப் பஞ்சு தானாகத் தீப்பற்றாது. பெற்றோர் ஆசிரியர் கழகம் ஜிப்சம் பலகைக்கும் சட்டத்துக்கும் பணம் கொடுத்தது. ஆசாரி ஒருவர் ஜனவரி கடைசி வாரத்தில் மூன்று நாள் வேலை செய்தார்.

எங்களை ஏணியில் ஏற விடவில்லை. (தாத்தா விழுந்த பிறகு அந்த ஏணிக்கு சிஸ்டர் பூட்டே போட்டுவிட்டார்கள்.) அளந்து வெட்டிக் கொடுப்பதும், எடுத்து நீட்டுவதும் எங்கள் வேலை. முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் எல்லாம் போட்டும் இரண்டு நாள் அரித்தது. வெந்நீரில் கழுவக் கூடாது, முதலில் பச்சைத் தண்ணீர் விட வேண்டும் என்று அந்த அப்பா சொன்னதைக் கேட்காதவள் ஒருத்தி இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தாள். அவள் யார் என்று சொல்ல மாட்டோம்.

பஞ்சை விரிக்கையில் ஒரு வழக்கு எழுந்தது. பளபளக்கும் தாள் மேலே தகரத்தைப் பார்க்க வேண்டும் என்று மூன்று பேர். கீழே எங்களைப் பார்க்க வேண்டும் என்று மூன்று பேர். “உங்கள் மூச்சு எந்தப் பக்கமிருந்து வருகிறது?” என்று மட்டும் டீச்சர் கேட்டார்கள். தாள் கீழேதான்! ஆவி பஞ்சுக்குள் புகுந்து குளிர்ந்த பக்கத்தை எட்டினால், அங்கே நீராகிப் பஞ்சை நனைத்துவிடும். நனைந்த பஞ்சு குளிரைத் தடுக்காது. அதனால் தாளை எங்கள் பக்கம் வைத்து, ஒட்டு வரும் இடமெல்லாம் அலுமினிய நாடா ஒட்டினோம். பஞ்சை அழுத்தித் திணிக்கவும் கூடாது. அழுத்தினால் உள்ளே நிற்கும் காற்றுதான் போய்விடும். விளக்கு ஒயரைப் பஞ்சுக்குள் புதைக்காமல் ஆசாரி தனிக் குழாயில் விட்டார்.

நாங்கள் பாவம் போல் அடைத்து வைத்த சந்துகள் இப்போது பஞ்சுக்கு மேலே போய்விட்டன. அவற்றைத் திறந்தே விட்டு, அணிலும் எலியும் புகாமல் கம்பி வலை மட்டும் அடித்தோம். தப்பித் தவறி ஆவி மேலே போனாலும் காற்று அதை உலர்த்திவிடும். ஜன்னல் மேல் பலகையின் ஆணியையும் பிடுங்கியாயிற்று. வகுப்பு நடக்கும்போது அது இரண்டு விரல் அகலம் திறந்திருக்கும். காற்று வரவேண்டிய இடத்தில் வருகிறது, வரக்கூடாத இடத்தில் வருவதில்லை.

ஷெட் இப்போது சுடச்சுட இருக்கிறதா என்று மற்ற வகுப்புத் தோழியர் கேட்கிறார்கள். இல்லவே இல்லை! அதில் அடுப்பும் இல்லை, ஹீட்டரும் இல்லை. கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டைப் பிடித்து வைக்கிறது. எங்கள் ஷெட்டின் அடுப்பு நாங்கள்தான். சும்மா இருக்கும் பெரிய ஆள் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. சிறு பிள்ளைகளிடம் அதைவிடக் குறைவு. எப்படியும் 30 பேருக்கு இரண்டு ஹீட்டராவது சேரும். காசில்லாத ஹீட்டர்! முன்பு வெளியே 7 டிகிரி இருந்த ஒரு நாள், ஏழு மணிக்கு உள்ளே 10 டிகிரி இருந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் வெளியே 6 டிகிரி இருந்தபோது உள்ளே 13 டிகிரி. விடியற்காலையில், ஆள் இல்லாத ஷெட்டில் போய் அளந்தால் வெளியைவிட இரண்டு டிகிரிதான் அதிகம். அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

காலுறைச் சிறுமி கையிலிருந்த உறையைக் கழற்றிக் காலில் போட்டுக்கொண்டாள். பூசணம் பிடித்த 17 புத்தகங்களை வெயிலில் காய வைத்துத் துடைத்தோம்; நான்கு தேறவில்லை.

பிப்ரவரி கடைசியில் தாத்தா கம்பு ஊன்றிக்கொண்டு வேலைக்கு வந்தார். முதல் காரியமாக ஷெட்டுக்குள் வந்து அண்ணாந்து பார்த்தார். மேலே ஒரே வெள்ளையாக ஜிப்சம் பலகை. சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“நான் போட்ட தார் தெரியலையே, கண்ணு” என்றார்.

தவறு எங்களுடையதுதான் என்று அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க, போகும்போதும் வரும்போதும் வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தோம். சந்துகளை அடைத்ததையும், டம்ளர் வியர்த்ததையும், மூன்று லிட்டரையும் கலந்தடித்துச் சொன்னோம். அவருக்கு எவ்வளவு விளங்கிற்றோ, தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். மூலையில் பரணுக்குப் போக ஆசாரி ஒரு சின்னக் கதவு விட்டிருக்கிறார். சிஸ்டரிடம் சாவி வாங்கி வந்து ஏணியை வைத்தோம். சிஸ்டர் ஏணியின் அடியைப் பிடித்துக்கொள்ள, எங்களுள் ஒருத்தி மட்டும் இரண்டு படி ஏறிக் கதவைத் திறந்து டார்ச் அடித்தாள். தாத்தா கீழேயிருந்து கழுத்தை வளைத்துப் பார்த்தார். கறுப்பாக வரிசையாகத் தார்த் துண்டுகள். ஒரு இடத்திலும் ஈரமில்லை.

“எட்டும் இருக்கா, எண்ணிப் பாரு” என்றார்.

எண்ணினாள். எட்டும் இருந்தன.